காய்ச்சுவதும் விளைவதும்: வீட்டில் பியர் காய்ச்சும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாதம் ஒரு முறை இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டில் கூடி, அவரவர் புட்டியைத் திறந்து ருசி பேசும் நம் தமிழ்க் குழுவின் நண்பர்களுக்கு,



போன கூட்டத்தில் மேசைமேல் ஏழு பியர் புட்டிகளும் என்னுடைய ஆப்பிள் சைடர் புட்டி ஒன்றும் இருந்தன. சைடரை ருசித்த தம்பி ஒருவர், "நல்லாத்தான் இருக்கு அண்ணா. ஆனா இதுல உங்க வேலை என்ன இருக்கு? பழத்தைப் பிழிஞ்சு மூடி வச்சீங்க, அதுவா ஆயிருக்கு" என்றார். எனக்குத் துணையாகப் பேசுவதாக நினைத்து, ஒயின் போடும் அக்கா ஒருவர், "பியர் மட்டும் என்னவாம், கஞ்சி காய்ச்சுற வேலைதானே" என்றார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களும் கூடவே வந்தன. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு பியர்க்காரர்களும் பழக்காரர்களும் ஒருவர் கைவேலையை ஒருவர் குறைத்துப் பேசுகிறோம். அதனால் ஒருவரிடம் ஒருவர் கற்கவேண்டியது கற்காமலே போகிறது. நான் இந்த ஊருக்கு வந்து முதல் ஆறு ஆண்டுகள் பியர் மட்டுமே காய்ச்சியவன். அடுத்த ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் சைடர் போடுகிறேன். பியரையும் விடவில்லை. இரண்டு பக்கமும் நின்றவன் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஒரு சொட்டு அயோடினிலிருந்து தொடங்குகிறேன். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து ஒரு மணி நேரம் கழிந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு கரண்டி வோர்ட்டை, அதாவது அந்த ஊறல் சாற்றை, வெள்ளைத் தட்டில் ஊற்றி அயோடினைச் சொட்டுவீர்கள். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாகவில்லை, காத்திருக்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் அடுத்த வேலைக்குப் போகலாம். செப்டம்பர் கடைசியில் ஆப்பிள் மரத்தடியில் நான் செய்வதும் அதேதான். ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் அதே அயோடினைத் தடவுகிறேன். கறுத்தால் பழத்துக்குள் மாவுச்சத்து இருக்கிறது, பறிக்கக் கூடாது. வெளுப்பாகவே நின்றால் பழம் தயார்.

ஒரே சோதனை, ஒரே கேள்வி. ஈஸ்ட்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது, அதற்குச் சர்க்கரை வேண்டும். பியரில் அந்த மாற்றத்தை நீங்கள் உங்கள் அடுப்பங்கரையில், 65 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் வெப்பத்தைப் பிடித்து வைத்து, ஒரு மணி நேரத்தில் நடத்துகிறீர்கள். ஆப்பிளில் அதே மாற்றத்தை மரம் தன் கிளையிலும், பறித்துக் குவித்த பின் பழம் தனக்குள்ளும், வாரக்கணக்கில் நடத்துகின்றன. ஆகவே "இதுல உங்க வேலை என்ன" என்ற தம்பிக்கு என் முதல் பதில்: பியரில் உங்கள் கை செய்யும் வேலையைப் பழத்தில் வெயிலும் மண்ணும் முன்கூட்டியே செய்துவிடுகின்றன. எங்கள் வேலை அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் இருக்கிறது. முன்னால், எந்தப் பழம், எந்த நாள் என்ற தெரிவு. பின்னால், மாதக்கணக்கில் கெடாமல் காப்பது.

பியர்க்காரராக இருந்து சைடருக்குப் போன நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்கிறேன். இரண்டுமே பியரில் சரியான பழக்கங்கள்.

முதல் ஆண்டு, பிழிந்த சாற்றை அடுப்பில் ஏற்றினேன். வோர்ட்டை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டே பழகிய கை அது. பியருக்குக் கொதி அவசியம். கிருமி சாகும், ஹாப்ஸின் கசப்பு அந்தக் கொதியில்தான் கரைந்து இறங்கும், புரதம் திரண்டு கீழே படியும். ஆனால் ஆப்பிள் சாற்றில் பெக்டின் இருக்கிறது. ஜாம் உறைவதற்குக் காரணமான பொருள் அதுதான். சூடேறியதும் அதைச் சிதைக்கும் நொதிகள் அழிந்துவிடுகின்றன. அடுத்த ஜூன் வரை காத்திருந்தும் என் சைடர் தெளியவே இல்லை. வாசனையில் தோட்டம் இல்லை, வேகவைத்த ஆப்பிள் கூழ்தான் இருந்தது. பழச்சாற்றைச் சூட்டால் காக்கக் கூடாது, அமிலத்தாலும் சல்ஃபைட்டாலும் காக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

இரண்டாம் ஆண்டுத் தவறு ஆபத்தானது. ஹைட்ரோமீட்டர் அடர்த்தியை 1.010 என்று காட்டியது. இரண்டு வாரமாக அசையவில்லை. பியர் என்றால் அது முடிந்த அளவு. வோர்ட்டில் ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின்கள் எஞ்சி நிற்கும், அதனால்தான் பியருக்கு வாயில் ஒரு கனம் இருக்கிறது. பழச்சாற்றில் அப்படி எஞ்சுவது மிகச் சொற்பம். சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் தின்னக்கூடியது. ஆகவே சைடர் 1.000 வரையும் அதற்குக் கீழேயும் இறங்கும். டிசம்பர் குளிரில் என் ஈஸ்ட் தூங்கிக்கொண்டிருந்தது, வேலையை முடித்திருக்கவில்லை. நான் அதைச் சாதாரண பியர் புட்டிகளில் அடைத்து, பழக்கப்படி ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டேன். மே மாதம் கொட்டகை வெதுவெதுப்பானதும் புட்டிகள் வெடித்தன. என் மகள் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கிருந்து வெளியேறி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. மரச்சுவரில் குத்தி நின்ற கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோது என் கை நடுங்கியது.

அந்த 1.010 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பிறகுதான் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை. ஷாம்பெயினில் நுரைக்காகச் சேர்ப்பதே லிட்டருக்குச் சுமார் 24 கிராம்தான். அது எழுப்பும் ஆறு வளிமண்டல அழுத்தத்துக்காகத்தான் அந்தப் புட்டி அவ்வளவு கனமாக இருக்கிறது. இதில் இந்த மண்ணுக்கும் பங்குண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலையில் செய்த புட்டிகள் தடித்து உறுதியாக வந்தன. அவற்றில்தான் நம் பகுதிச் சைடர்க்காரர்கள் நுரைக்கும் சைடரை அடைத்தார்கள். ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைக்கும் வழக்கத்தைப் பற்றி கிறிஸ்டஃபர் மெரெட் லண்டன் ராயல் சொசைட்டியில் 1662-இல் கட்டுரை அளித்தார். உறுதியான புட்டி இல்லாமல் அந்த நுரைக்கு வழியில்லை. எனவே இதை எழுதி ஒட்டிவையுங்கள்: பியர் நின்ற இடத்தில் சைடர் நிற்பதில்லை. 1.000-க்கு வராத சைடரைப் புட்டியில் அடைக்காதீர்கள்.

"அப்படியென்றால் இனிப்பான சைடர் எப்படி?" என்று கேட்பீர்கள். சர்க்கரை தானாக எஞ்சி நிற்காது, யாராவது நிறுத்தினால்தான் நிற்கும். நம் ஊர்ப் பனையேறிகளுக்கு இது தெரியும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட்டால் வேலை செய்ய முடியாது. சைடரில் அந்த வழி இல்லை. அடைத்த புட்டிகளை வெந்நீரில் வைத்துச் சூடேற்றி ஈஸ்ட்டைக் கொல்லலாம், அல்லது குடிக்கும்போது கொஞ்சம் புதுச் சாற்றைக் கலந்துகொள்ளலாம். என் பழக்கம் இனிப்பில்லாமலே குடிப்பது.

இனி காலத்தைப் பற்றி. பார்லி மூட்டையில் வரும். ஹாப்ஸ் பொட்டலத்தில் வரும். ஜனவரியிலும் ஜூலையிலும் காய்ச்சலாம். ஒரு சனிக்கிழமை ஆறேழு மணி நேரம் நின்றால், ஐந்து வாரத்தில் புட்டியைத் திறந்துவிடலாம். தவறினால் அடுத்த மாதமே திருத்தலாம். பியரின் உண்மையான செல்வம் அந்தத் திரும்பச் செய்யும் வாய்ப்புதான். பத்து ஆண்டில் நூறு முறை காய்ச்சியவர்கள் நம் குழுவில் இருக்கிறீர்கள். சைடர்க்காரருக்குப் பத்து ஆண்டென்றால் பத்தே பத்து அக்டோபர்கள். நான் இதுவரை ஒன்பது முறைதான் சைடர் போட்டிருக்கிறேன், அவற்றில் இரண்டை வீணாக்கினேன். இந்தக் கணக்கைப் பார்த்தால் "மூடி வச்சீங்க" என்ற சொல்லின் எடை புரியும். ஒவ்வொரு மூடலும் ஓர் ஆண்டு.

அந்த ஓர் ஆண்டில் பியருக்கு இல்லாத பகைகள் பழத்துக்கு உண்டு. பியர் சீக்கிரம் முடிகிறது, ஹாப்ஸும் காவல் நிற்கிறது. சைடரும் ஒயினும் மாதக்கணக்கில் டெமிஜான் குடுவையில் கிடக்கும்போது மேலே நாலு விரற்கடை காற்று இருந்தாலே காடியாகிவிடும். ஆகவே கழுத்துவரை நிரப்பிவைக்க வேண்டும். அடிமண்டி சேர்ந்ததும் தெளிவை இறுத்து வேறு டெமிஜானுக்கு மாற்ற வேண்டும். வோர்ட்டில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்து தாராளமாக இருக்கும். பழைய தோட்டத்து ஆப்பிளில் அது குறைவு. அதனால் நொதித்தல் மெல்ல நகரும், சில சமயம் அழுகிய முட்டை வாடைகூட வரும். பதற வேண்டாம். அந்த மெதுவான நொதித்தலில்தான் பழத்தின் வாசனை தங்குகிறது. வசந்தத்தில் மரம் பூக்கும்போது, அடங்கிக் கிடந்த சைடர் மறுபடி லேசாகக் குமிழியிடும். மாலிக் அமிலத்தைச் சில பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் வேலை அது. பியரில் பாக்டீரியா நுழைந்தால் கொட்டிவிடுவீர்கள். இங்கே அதை வரவேற்கிறோம்.

ஒயினை இரண்டாகப் பிரித்துப் பேசவேண்டும். திராட்சை ஒயின் சைடரின் உடன்பிறப்பு. பழமே எல்லாம், ஆண்டுக்கு ஒரே தடவை. ஆனால் இந்த நாட்டு வீடுகளில் போடும் வேலியோரத்துப் பழ ஒயின், நம் அக்கா போடும் கருப்பு பெர்ரி ஒயின் போல, பியருக்குத்தான் நெருக்கம். ஒரு டெமிஜானுக்கு, அதாவது 4.5 லிட்டருக்கு, ஏறத்தாழ 1.8 கிலோ பழமும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் சர்க்கரையும் என்று அளந்து, தண்ணீர் சேர்த்து, ஈஸ்ட்டுக்கு உணவும் கொடுத்துச் செய்கிறோம். அதற்குச் செய்முறை உண்டு, திருத்தம் உண்டு. போருக்குப் பின் 1953-இல் சர்க்கரைப் பங்கீடு நீங்கியதும்தான் அது வீடுகளில் மறுபடி பெருகியது. 1960-இல் சி. ஜே. ஜே. பெர்ரி எழுதிய 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ் இன் ஒயின்மேக்கிங்' அந்தத் தலைமுறைக்கு வழிகாட்டிற்று. அக்காவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: நீங்கள் அளந்து போடும் ஒவ்வொரு கிராம் சர்க்கரையிலும் பியர்க்காரரின் கணக்கு இருக்கிறது. கஞ்சி என்று அதைத் தள்ளாதீர்கள்.

சட்டமும் பியர், பழம் என்ற இந்த இரண்டு வழிகளையும் வேறு வேறாகவே பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, வீட்டில் பழச்சாறும் சைடரும் செய்துகொள்ள அந்தச் சட்டமே ஒரு பிரிவில் இடம் விட்டது. பியருக்கு இடம் விடவில்லை. வீட்டுப் பியருக்கு அங்கே கூட்டாட்சி அனுமதி வந்தது 1978-இல், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான். இந்த நாட்டில் 1763-இல் சைடர் மேல் வரி போட்டு, வரி அலுவலர் வீடு புகலாம் என்றதும் சைடர் மாவட்டங்கள் கொதித்தெழுந்தன. 1766-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். வீட்டில் பியர் காய்ச்ச 1880-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த உரிமம், 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கும்வரை நீடித்தது. எனக்குத் தோன்றும் காரணம் எளியது. சாறு மூடிக்கிடந்தாலே மதுவாகிவிடும், அதை எந்தச் சட்டத்தாலும் முழுக்கத் தடுக்க முடியாது. பார்லி தானாகப் பியராவதில்லை. அதற்கு ஒருவர் எண்ணி, அடுப்பு மூட்டி, நின்று செய்யவேண்டும்.

நம் மொழியும் இதை அறியும். காய்ச்சுவது என்கிறோம், போடுவது என்கிறோம். பியர் காய்ச்சுகிறோம். ஊறுகாய் போடுவதுபோல ஒயின் போடுகிறோம். சங்க நூல்களில் கள்ளுக்கு 'அடுதல்' என்ற சொல்லும் உண்டு, 'விளைதல்' என்ற சொல்லும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடத்தில் செய்முறையே வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளை நெல்லின் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிகிறார்கள். முளையைக்கொண்டு மாவைச் சர்க்கரையாக்கும் அந்த வேலையைத்தான் நீங்கள் சனிக்கிழமை காலையில் செய்கிறீர்கள். அது அடுவதில் தொடங்கி விளைவதில் முடிகிறது. இரண்டு சொல்லும் ஒரே சாடிக்குள் இருந்திருக்கின்றன.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். பியர் நண்பர்களே, இந்தச் செப்டம்பரில் ஆளுக்கு ஒரே ஒரு டெமிஜான் சைடர் போடுங்கள். பழத்துக்குக் காசு வேண்டாம். வீட்டு வாசல்களில் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். எட்டு முதல் பத்து கிலோ போதும். சமையலுக்கான பிராம்லி புளிப்பைத் தரும், தின்னும் பழம் இனிப்பைத் தரும். மூன்றாவதாக ஒரு சுவை வேண்டும். துவர்ப்பு. நெல்லிக்காயும் வாழைப்பூவும் தின்று வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. பிரிஸ்டலுக்கு அருகே 1903-இல் தொடங்கிய லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையம் சைடர் ஆப்பிள்களை நான்கு வகையாகப் பிரித்ததே புளிப்பையும் துவர்ப்பையும் அளந்துதான். டாபினெட், ஃபாக்ஸ்வெல்ப் போன்ற பழங்கள் கைக்கு எட்டினால் கொஞ்சம் சேருங்கள். எட்டாவிட்டால் ஒரு பிடி காட்டு ஆப்பிள் போதும்.

அயோடின் வைத்துப் பாருங்கள். அழுகலை ஒதுக்குங்கள். நசுக்கிப் பிழிந்து பிஎச் அளவைப் பாருங்கள். 3.3 வரை ஒரு சல்ஃபைட் மாத்திரை, 3.5 வரை இரண்டு, 3.8 வரை மூன்று. அதற்கு மேலே போனால் இன்னும் பிராம்லி சேருங்கள். ஒரு நாள் கழித்து ஈஸ்ட் போடுங்கள். அதன்பின் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதுதான் மிகக் கடினமான பகுதியாக இருக்கும்.

சைடர், ஒயின் நண்பர்களே, பழமில்லாத பிப்ரவரியில் ஒரு முறை பியர் காய்ச்சுங்கள். தொட்டியின் கடைசி மூலைவரை கழுவும் ஒழுக்கத்தையும், வெப்பத்தையும் அடர்த்தியையும் தேதியோடு நோட்டில் எழுதும் பழக்கத்தையும் பியர்க்காரரிடமிருந்தே கற்க முடியும். தாத்தா காலத்துப் பீப்பாய் என்று பெருமை பேசி, காடியைச் சைடர் என்று கொடுப்பவர்களை நாம் இந்த ஊரில் பார்த்திருக்கிறோம். என் மூன்றாம் ஆண்டுச் சைடர் தப்பியதற்கு என் பியர் நோட்டுதான் காரணம்.

ஒரு சொல் கவலையோடு. குடி எத்தனை வீடுகளைச் சிதைத்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்த மடல் யாரையும் குடிக்க அழைக்கவில்லை. ஏற்கெனவே இந்தக் கைவேலையில் இருக்கும் உங்களுக்காகத்தான் இது. இங்கே நமக்கென்று செய்துகொள்ளலாம், உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. காய்ச்சி வடித்துச் சாராயமாக்குவது இங்கேயும் குற்றம். தமிழ்நாட்டு உறவினர்களுக்குச் செய்முறை அனுப்பாதீர்கள். அங்கே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியின்றி வீட்டில் எதையும் காய்ச்சவோ போடவோ கூடாது.

அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்குத் தனியாக ஒன்று. என் வீட்டுப் பிழிபொறி அக்டோபர் முதல் வாரம் சும்மாதான் இருக்கும். காரில் பழத்தை ஏற்றிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பிழிவோம். நீங்கள் பியருக்குப் பயன்படுத்தும் ஈஸ்ட்டையே கொண்டுவரலாம், அது நன்றாகவே வேலை செய்யும். அடுத்த ஆண்டு ஜூன் கூட்டத்தில் உங்கள் புட்டியை மேசையில் வையுங்கள். அன்று நான் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: இது எந்தத் தோட்டத்துப் பழம்?

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருவன்